இதர குறிப்புகள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால் அவ்வளவுதான். ஒரு சரக்கு ரயில் ஆடி அசைந்து போகும், அது முடிவதற்குள் எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. அப்படி ஒரு நாள் ஸ்கூட்டியோடு மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் அந்த ஆயா என்னைப் பிடித்தார். தலையிலிருந்த கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, நீதானே அன்னிக்கு வூட்டாண்ட வந்து மூணு டியூபு ரத்தம் எடுத்துனு போனே? இன்னா சொல்லுச்சு என் ரத்தம்?"

எடுத்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நானும் அந்த வேலையில் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், "கேட்டுச் சொல்றேன் ஆயா" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் கேட் மூடியிருந்தால் என்ன செய்திருப்பேனோ. நல்லவேளையாகத் திறந்தது.

ரத்தம் எடுத்த நாட்களில் நான் ஒரு சுகாதார ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். பதினான்கு மாத ஒப்பந்தம். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம், என்னோடு வேலை பார்த்தவர்கள் பிறகு சேர்ந்த இடங்களிலும் கதை பெரிதாக மாறவில்லை. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பற்றிய கணக்கெடுப்பு. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று சந்து சந்தாகப் போவோம். கையில் பிபி மெஷின், தோளில் ஐஸ் பாக்ஸ், அதற்குள் டியூப்கள். ஊதா மூடி, சாம்பல் மூடி, சிவப்பு மூடி. ஊதாவில் ரத்தம் உறையாது. சாம்பலில், ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடாமல் இருக்க மருந்து போட்டிருக்கும். சிவப்பில் உறையவிட்டு மேலே நிற்கும் மஞ்சள் நீரை எடுப்பார்கள். இதையெல்லாம் மக்களுக்கு விளக்க எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் கேட்பார்கள்: "எதுக்கு மூணு?"

ஊசிக்கு முன்னால் ஒப்புதல் படிவம். நான்கு பக்கம். அதில் ஒரு வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்: இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லாமல் போகலாம், ஆனால் சமூகத்துக்குப் பயன்படும். இதை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவோம். கைநாட்டு என்றால் பக்கத்து வீட்டார் சாட்சிக் கையெழுத்து. நூற்றுக்கணக்கான தடவை வாசித்த பிறகு ஒரு நாள்தான் உறைத்தது. சமூகம் என்று படிவம் யாரைச் சொல்கிறது? கைநாட்டு வைக்கும் அம்மாவும் சாட்சி போடும் பக்கத்து வீட்டு அக்காவும் இல்லையென்றால் வேறு யார்?

சர்க்கரை ரிசல்ட் மட்டும் துண்டுச் சீட்டாக வந்தது, அதுவும் நான்கு மாதம் கழித்து. அதற்குள் வாடகை வீடுகளில் பாதிப் பேர் மாறிப் போயிருந்தார்கள். ஆயாவின் சீட்டு வரவே இல்லை. டியூப் உடைந்ததோ, எண் மாறியதோ, யாருக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். நாங்கள் காலை ஆறரைக்குப் போவோம். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் விடிகாலை இரண்டு, மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார்கள். நாலு மணிக்குள் ஒரு டீ, ஒரு பன் உள்ளே போயிருக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு முறை போய் ஆள் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்பது விதி. ஆக, ராத்திரியில் எழுந்து ஓடி, நின்றுகொண்டே வேலை பார்த்து, கிடைத்த நேரத்தில் சாப்பிடும் பெண்கள், அதாவது சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியவர்கள், எங்கள் கணக்கில் சரியாக விழவே இல்லை. கருவாடு விற்பவர் என்பதால் ஆயா எட்டு மணிக்குமேல்தான் கூடையைத் தூக்குவார். அதனால் அகப்பட்டார்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'இதர குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று கோடு. மற்ற பெண்கள் அதைக் காலியாக விடுவார்கள். நான் எழுதுவேன். "ஏலத்துக்குப் போயிருக்கிறார், காலையில் கிடைக்க மாட்டார்." "மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறார், தீர்ந்துவிடும் என்று பயம்." "போர் தண்ணீர் உப்பு என்கிறார்." சில வீடுகளில் எண்ணெய் வாடை என்றும் சொன்னார்கள். 2013-ல் தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரோடு எண்ணெய் வந்த கதை அந்தப் பக்கம் யாருக்கும் மறக்காது. பிறகு டேட்டா என்ட்ரி பார்த்த பையனிடம் கேட்டபோது சிரித்தான். "அக்கா, அந்தக் கட்டத்துக்கு ஷீட்ல இடமே இல்ல."

ஆயாவிடம் கொடுத்த வாக்கு உறுத்திக்கொண்டே இருந்ததால் தேட ஆரம்பித்தேன். கட்டுரை வந்திருந்தது, வெளிநாட்டு இதழ் ஒன்றில். தலைப்பும் பத்து வரிச் சுருக்கமும் பார்க்கலாம். முழுசாகப் படிக்க 35 டாலர். அப்போது என் ஒரு வாரச் சம்பளத்துக்குக் கிட்டே வரும் தொகை. கட்டுரை ஆசிரியருக்கு மெயில் போட்டேன். இரண்டே நாளில் பிடிஎஃப் அனுப்பிவிட்டார், நல்ல மனிதர். பெரும்பாலான ஆய்வாளர்கள் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்கலாம் என்பதே நமக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். கடைசிப் பக்கத்தில் 'களப்பணியாளர்களுக்கும் சமூகத்தினருக்கும் நன்றி' என்று ஒரு வரி. எனக்குச் சொன்ன நன்றியைப் படிக்க 35 டாலர்.

வயிற்றெரிச்சலோடு அன்றைக்கு ராத்திரி தேடிக்கொண்டே போனதில் வேறொன்று கிடைத்தது. 1959-ல் வந்த கட்டுரை. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில், கிட்டத்தட்ட நூறு பக்கம். எங்கள் ஊர்க் கதை. பைசா செலவில்லாமல் போனிலேயே திறந்தது.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அன்றைய மதராஸ் அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எல்லாம் சேர்ந்து. இன்றைக்கு அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. அத்தனை படுக்கைக்கு இந்தியா எங்கே போகும்? சரி, வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். மதராஸின் ஏழை நோயாளிகள், இருநூறுக்கும் குறைவானவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காக மாத்திரை போடுகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

சானடோரியக்காரர்களுக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஓய்வும் இருந்தது. வீட்டுக்காரர்களுக்கு நெருக்கடியான அறை, அரைகுறைச் சாப்பாடு, பலருக்கு வேலையும். ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடவே இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை; அதைப் பிறகு ஐந்து வருடம் பின்தொடர்ந்தும் பார்த்தார்கள். வீட்டிலிருந்தபடியே டிபி மருந்து சாப்பிடலாம் என்று உலகம் ஒத்துக்கொண்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. யாரோ ஒரு மதராஸ்காரர் ஒண்டுக்குடித்தனத்தில் படுத்துக்கொண்டே குணமானதால்தான் எங்கேயோ ஆப்பிரிக்காவில் ஒருவர் வீட்டை விட்டுப் போகாமல் மருந்து சாப்பிட்டார்.

அறுபது வருடத்துக்கு முந்தைய கட்டுரை திறந்து கிடக்கிறது. நான் ஐஸ் பாக்ஸ் தூக்கிய கட்டுரைக்குப் பூட்டு. அன்றிலிருந்துதான் எனக்கு இந்தத் 'திறந்த அறிவியல்' பைத்தியம் பிடித்தது.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று 2021 நவம்பரில் யுனெஸ்கோ ஒரு பரிந்துரையே வெளியிட்டது. கட்டுரை யாருக்கும் கிடைக்க வேண்டும், தரவும் முறையும் மற்றவர்கள் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும், ஆராய்ச்சியில் பொதுமக்களுக்கும் இடம் வேண்டும் என்று போகும். ஆராய்ச்சிக் கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்ற புடாபெஸ்ட் பிரகடனம் அதற்கும் முன்னால், 2002-லேயே. நம் சென்னையிலேயே சுப்பையா அருணாச்சலம் போன்றவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டைக்கு அந்தச் சத்தம் வந்து சேர நாளாகியிருக்கிறது.

வெற்றிபெறாத ஆய்வையும் திறந்து வைக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பக்கம், பிசிஜி தடுப்பூசிச் சோதனை ஆரம்பித்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை என்றுதான் முடிவு வந்தது. பெரிய தலைவலி. ஆனால் மூடி மறைக்கவில்லை. ஏழரை வருட முடிவையும் வெளியிட்டார்கள், பதினைந்து வருட முடிவை 1999-ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்சில் போட்டார்கள். அது இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் இதழ். நம் கைமேல் இருக்கும் அந்தத் தழும்பு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று உலகம் பேசும்போதெல்லாம் இந்த ஊர்க்காரர்களின் கை நடுவே வருகிறது. 'பலன் இல்லை' என்று எழுதவும் தைரியம் வேண்டும். அதை அச்சடிக்கும் இதழ் அதைவிட அபூர்வம்.

சரி, இப்போது அரசாங்கமே சந்தா கட்டுகிறதே என்பார்கள். ஒரே நாடு ஒரே சந்தா: 2024 நவம்பரில் ஒப்புதல், மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். 2025 ஜனவரியிலிருந்து அரசுக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் இருப்பவர்கள் படிக்கலாம். நல்லதுதான், மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் கதவு அந்தக் காம்பவுண்டுக்கு உள்ளேதான் திறக்கிறது. தனியார் கிளினிக் டாக்டரும், என்னைப் போல ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்களும், ஆயாவின் எட்டாவது படிக்கும் பேரனும் இன்னும் தெருவில்தான். எழுதுகிறவரிடமே காசை வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் திறப்பது இன்னொரு வழி. நேச்சர் இதழ் 2020-ல் அதற்கு வைத்த விலை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. அந்தப் பணத்தில் எங்கள் ஆய்வில் களப்பணியாளர்கள் எத்தனை பேருக்கு எத்தனை மாதம் சம்பளம் போட்டிருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து மனம் வெறுத்தேன். படிக்கிறவரிடமிருந்து எடுத்த பூட்டை எழுதுகிறவர் வாயில் மாட்டுவது என்ன நியாயம்? இரண்டு பக்கமும் காசு வாங்காத இதழ்கள் இருக்கின்றன. அவற்றை நடத்துபவர்கள்தான் என் கண்ணுக்குப் பெரிய மனிதர்கள்.

தரவைத் திறந்து வைப்பதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரால். 2020 மே மாதம், ராயபுரம் மண்டலத்தில்தான் சென்னையிலேயே அதிகக் கோவிட். எங்கள் தெருவுக்கே ஒரு ஆக்சிமீட்டர், வாடகை சைக்கிள் மாதிரிக் கைமாறிக்கொண்டிருக்கும். விரலில் மாட்டி 96, 97 என்று காட்டினால் எல்லோருக்கும் மூச்சு வரும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு 95 காட்டியது; ஆனால் நாலு படி ஏறவே திணறினார். நம்பர் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் மனைவி. பிறகு ஸ்டான்லிக்குப் போய்க் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் ஆக்சிஜன் குறைவு தெரிந்தது. (ஸ்டான்லியை எங்கள் பாட்டி காலத்து ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம்.) அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஆக்சிமீட்டர் சரியென்று காட்டும்போதே உள்ளே ஆக்சிஜன் குறைந்து கிடப்பது, வெள்ளைத் தோல் நோயாளிகளைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். இந்தக் கருவி வெளிச்சத்தைத் தோல் வழியாக அனுப்பித்தான் அளக்கிறது. தோலின் நிறமி அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் புதிதாக யாரையும் ஊசியால் குத்தவில்லை. ஒரு மருத்துவமனையின் பதிவுகளும், 178 மருத்துவமனைகளின் ஐசியூக்களில் ஏற்கெனவே சேர்ந்திருந்த பதிவுகளும் போதுமானவையாக இருந்தன. ஒரே நோயாளிக்குச் சில நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான். அந்த ஐசியூ எண்கள் வருடக்கணக்காக அங்கே தூங்கிக்கொண்டிருந்தன. யாராவது வேறு கேள்வியோடு வந்து எழுப்ப வேண்டியிருந்தது.

என் கட்டிலுக்கடியில் கிடந்த ஆக்சிமீட்டரின் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எத்தனை பேரிடம், எந்த நிறத் தோலில் சோதித்தார்கள் என்று ஒரு எழுத்தும் இல்லை. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க எஃப்டிஏவின் 2013-ம் வருட வழிகாட்டுதலில் குறைந்தபட்சம் பத்து பேர், அதில் கறுத்த தோலுள்ளவர்கள் இரண்டு பேர் அல்லது 15 சதவீதம் போதும் என்று இருந்தது. 2025 ஜனவரியில்தான் அதை 150 பேராக உயர்த்த வரைவு போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கறுத்த விரல்கள்தான். இது வெறும் கோவிட் கதையும் இல்லை. 2022-லிருந்து தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. டிபி என்று தெரிந்த அன்றே எடை, வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தானவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். அருமையான ஏற்பாடு, அதற்கான முறையையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஆக்சிஜன் பார்ப்பது இதே விரல் கிளிப்தான்.

திறப்பதென்றால் எல்லாவற்றையும் திறந்துவிடுவது என்று நினைத்துக்கொள்பவர்களுக்கு, அதே 2020-ல் எங்கள் சந்துகளில் அடித்த தகரத்தை ஞாபகப்படுத்த வேண்டும். கோவிட் வந்த வீட்டு வாசலில் தகரம், கதவில் ஸ்டிக்கர். யாருக்கு வந்தது என்று தெருமுனை டீக்கடை வரைக்கும் தெரியும். குணமாகி வந்த பிறகும் ஒரு வீட்டுப் பெண்ணை வீட்டு வேலைக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். பத்து அடிச் சந்தில் 'பெண், வயது 43, மீன் வியாபாரம், டிபி' என்று ஒரு வரி தரவு போதும், பெயரே வேண்டாம், ஆளைச் சொல்லிவிடுவார்கள். முறையைத் திற, முடிவைத் திற, ஆளை மூடு. இந்த மூன்றாவது வேலை எங்களுக்கு எந்தப் பயிற்சியிலும் சரியாகச் சொல்லித் தரப்படவில்லை.

இந்தோனேசியாவின் கதையும் இங்கே சேரும். பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளை அவர்கள் உலகத்துக்கு இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதை வைத்துத் தயாராகும் தடுப்பூசி தங்களுக்கு எட்டாத விலையில் வரப்போகிறது என்று தெரிந்ததும் 2007-ல் 'இனிமேல் கிடையாது' என்றார்கள். உலகமே திட்டியது. ஆனால் அந்தச் சண்டையிலிருந்துதான் 2011-ல், மாதிரி கொடுக்கிறவர்களுக்கும் பலனில் பங்கு உண்டு என்கிற ஒப்பந்தம் உலக சுகாதார நிறுவனத்தில் வந்தது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் அது கதவு இல்லை, ஓட்டை. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடியினர் 2017-ல் ஆராய்ச்சியாளர்களுக்கென்று தாங்களே ஒரு நெறிமுறை எழுதினார்கள்: மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறை. எங்களிடம் வருகிறவர்கள் இதை ஒத்துக்கொண்டு வாருங்கள் என்று. படித்துவிட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது. காசிமேட்டுக்கு அப்படி ஒன்று யார் எழுதுவது?

திறந்து கிடக்கும் காகிதத்தை நோயாளியே எடுத்துப் பயன்படுத்திய கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மருந்துக்கு அடங்காத டிபிக்கு பெடாக்குலின் என்று ஒரு மாத்திரை. அதன் காப்புரிமையை இன்னும் சில வருடம் நீட்டிக்கக் கம்பெனி கேட்டது. மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும் 2019-ல் அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். இருவருமே டிபியிலிருந்து பிழைத்தவர்கள், பழைய ஊசி மருந்தால் காது கேட்காமல் போனவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. காப்புரிமை விண்ணப்பங்கள் சட்டப்படி யாரும் பார்க்கும்படி இருப்பதால்தான் அந்தச் சண்டையே சாத்தியமாயிற்று.

நாமும் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. சிடிஆர்ஐ என்னும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு. 2007-ல் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். ஆள் சேர்ப்பதற்கு முன்பே, எதை அளக்கப்போகிறோம், எத்தனை பேரிடம், யார் பணம் என்று எழுதி வைத்தாக வேண்டும். பின்னால் முடிவு வேறு மாதிரி வந்தால், 'நாங்கள் முதலிலிருந்தே இதைத்தான் பார்த்தோம்' என்று கதை மாற்ற முடியாது. உங்கள் வீட்டில் யாரையாவது 'புது மருந்து, ஃப்ரீ' என்று கூப்பிட்டால், சிடிஆர்ஐ எண் என்ன என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள். பதிவேட்டில் ஒரே குறை, எல்லாம் ஆங்கிலம்.

மொழிக்கு வந்துவிட்டேன். ஆயாவின் ரத்தத்தைப் பற்றிய கட்டுரையை இலவசமாகவே கொடுத்தாலும் அவரால் என்ன செய்ய முடியும்? அந்த பிடிஎஃப்பை அகராதி வைத்துக்கொண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை படித்தேன். கட்டுரை மோசமில்லை. பிரஷர் இருப்பதே தெரியாமல் நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரிந்தவர்களிலும் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் குறைவு, உப்பைக் குறைக்க அறிவுரை வேண்டும் என்று போகிறது. ஏலத்துக்குப் போகும் பெண்கள் விடுபட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'வீட்டில் இல்லாதவர்கள்' என்று ஒரு எண்ணுக்குள் அவர்கள் அடங்கிவிட்டார்கள். வீடு வீடாக எடுத்த மூலத் தரவு திறந்திருந்தால், எந்தத் தெருவில், எந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது என்று வேறு யாராவது பார்த்திருக்கலாம்.

தண்ணீரைப் பற்றியும் இல்லை. அது என் கட்டத்தோடு போயிற்று. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை, எங்கள் போர்களும் உப்புதான். குடிக்கக் கேன் தண்ணி, சமைக்க லாரித் தண்ணி. லாரி வராத நாளில் போர் தண்ணியிலேயே உலை வைப்பார்கள். பிறகு தேடியபோது தெரிந்தது, வங்கதேசத்தின் கடலோர டாகோப் பகுதியில் குடிநீரின் உப்பையும் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து 2011-லேயே கட்டுரை போட்டிருக்கிறார்கள், யாரும் படிக்கக்கூடிய இதழில். 'போர் தண்ணீர் உப்பு என்கிறார்' என்று நான் கிறுக்கியதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

கடைசியில் ஒரு பக்கம் தமிழில் எழுதினேன். உங்கள் வீட்டில் எதற்கு ரத்தம் எடுத்தோம், எதற்கு மூன்று டியூப், என்ன தெரிந்தது, மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும், யாரிடம் கேட்க வேண்டும் என்று. பெரிய எழுத்தில். எம்.சி. ரோட்டில் ஐம்பது ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு பழைய வீடுகளைத் தேடிப் போனேன். பாதி வீடுகளில் வேறு ஆட்கள். அவர்களும் வாங்கிப் படித்தார்கள். ஒருவர் மட்டும், இப்போது எந்தக் கட்சி என்று கேட்டார்.

ஆயா வாசலில் உட்கார்ந்து வாளைக் கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். "உங்க ரத்தம் தனியா என்ன சொல்லுச்சுன்னு எனக்கு இப்பவும் தெரியல ஆயா. சீட்டு தொலைஞ்சுபோச்சு. எல்லார் ரத்தமும் சேர்ந்து சொன்னதுதான் இது" என்றேன். முறைத்தார். பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவன் பள்ளியில் பாடம் ஒப்பிப்பதுபோல வேகமாகப் படித்தான். "மெதுவா சொல்றா" என்று இரண்டு தடவை நிறுத்தினார். உப்பைக் குறைக்கவும் என்ற இடத்தில் கையிலிருந்த கருவாட்டைப் பார்த்துக்கொண்டார்.

"செரி, கருவாட்ட கொறைச்சிக்கிறேன். போர் தண்ணியே உப்பா வருதே, அத யாரு கொறைக்கிறது? அன்னிக்கே சொன்னேனே உன்கிட்ட. அத எழுதலையா இதுல?"

"எழுதினேன் ஆயா. அதுக்கு அவங்ககிட்ட இடம் இல்ல."

பேரன் கையிலிருந்து தாளை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை.

"இங்க காலியாத்தானே கீது" என்றார். "எழுது."

பையன் என் சட்டைப்பையைப் பார்த்தான். பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.